ஹில்மாவை இரவல் கொடுத்த நாள்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அந்த ஏரிக்கரை ஊர்களில் ஜனங்கள் இரண்டே விஷயங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். பனி எப்போது உருகும் என்பது ஒன்று. மாணவர் ரோபோ போட்டிகளில் எந்த வட்டாரப் போட்டி உசத்தி என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. இரண்டாவதற்கு எல்லோரிடமும் பதில் உண்டு.

"டன்மோர் போட்டிதான் போட்டி. வண்டி நிறுத்த எவ்ளோ இடம் விட்டிருக்கான் பாரு!"

"நீ வண்டி நிறுத்தவா போற? செயின்ட் ஆல்டன்ல தரை பூரா கம்பளம். ரோபோ வழுக்கிட்டுப் போவும்."

"கம்பளத்தைக் கடிச்சுத் திங்க முடியுமா? எங்க கெட்டில் பேல பாஸ்டி சுடச்சுட வரும். உள்ள கறியும் உருளைக்கிழங்கும். அதைத் தின்னுட்டுத் தோத்தாக்கூட வருத்தம் தெரியாது."

பெட்ரோல் பங்க்கில், சலூனில், தேவாலயத்துக் காப்பி மேசையில் இந்தப் பேச்சு வருஷா வருஷம் நடக்கும். இதனால் யாருக்கும் ஒரு தீங்கும் வந்ததில்லை. தீங்கில்லாத ஒரு காரியம் தன் அனுமதி இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது என்பதை மாணவர் ரோபோ சம்மேளனத்தால்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கோடைகாலம் முழுக்கக் கூட்டம் போட்டார்கள். இந்த வருஷம் மூன்று வட்டாரப் போட்டிகளையும் ஒரே நாளில் நடத்துவது, நிமிஷத்துக்கு நிமிஷம் ஒன்றோடொன்று ஒப்பிடுவது, சாயங்காலத்துக்குள் 'அனைவருக்கும் பிரியமான வட்டாரப் போட்டி' எது என்று அறிவித்துவிடுவது என்று முடிவானது. எதை வைத்து ஒப்பிடுவது என்பதில்தான் இழுபறி. ரோபோக்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்கலாமே என்று ஒரு புது உறுப்பினர் சொன்னாராம். அவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. கடைசியில் பெருந்தன்மையை வைத்து ஒப்பிடுவதென்று தீர்மானித்தார்கள். யார் யாருக்கு எதை இரவல் கொடுக்கிறார்கள், எவ்வளவு முகமலர்ச்சியோடு கொடுக்கிறார்கள் என்பதற்குப் புள்ளி.

இதெல்லாம் லோர்னா கங்காஸுக்குத் தெரியாது. அவள் மாவட்ட நிர்வாகத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். சாலையில் பனி கிடந்தால் தள்ளுவாள், மரம் விழுந்து கிடந்தால் அதையும் ஓரமாகத் தள்ளுவாள். அவள் மகள் டில்டா படிக்கிற பள்ளியில் ரோபோ குழுவுக்குப் பொறுப்பாயிருந்த அறிவியல் ஆசிரியர், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போய் இடுப்பை உடைத்துக்கொண்டார். ரோபோ ஏறுகிற அளவுக்குப் பெரிய வண்டி லோர்னாவிடம்தான் இருந்தது. அதனால் அவள் பயிற்சியாளர் ஆனாள். சம்மேளனத்தில் பல பேர் இதைவிடக் குறைந்த தகுதியில் பதவிக்கு வந்தவர்கள்தான்.

டில்டாவுக்கு இது கடைசி வருஷம். முதல் வருஷம் அவர்கள் ரோபோ எடை கூடிவிட்டது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் வருஷம் மைதானத்தின் விளிம்பில் சங்கிலி அறுந்தது. போன வருஷம் அரங்கத்தின் கம்பியில்லா இணைப்பு செத்துப்போய், டில்டா கட்டுப்பாட்டுப் பொத்தான்களை அழுத்தி அழுத்தி அழுததுதான் மிச்சம். மூன்று வருஷமாக அந்த ரோபோ போட்டி மைதானத்தில் ஒரு அடிகூட நகரவில்லை. இந்த வருஷம் அது ஓடுகிறது. லோர்னாவின் கொட்டகையில் மஞ்சள் வளையத்தை எடுத்துக் கம்பத்தில் மாட்டுகிறது. ஊர் பார்க்க ஒரே ஒரு தடவை அது ஓடிவிட வேண்டும். ஜெயிக்க வேண்டும் என்றுகூட டில்டா கேட்கவில்லை.

அந்த ரோபோவுக்கு உயிர் கொடுப்பது ஒரு பேட்டரி. கார் பேட்டரிக்குத் தம்பி மாதிரி இருக்கும், தூக்கினால் தோள் இறங்கும். ரோபோ குழுக்களில் ஒவ்வொரு பேட்டரிக்கும் பேர் வைத்துப் பட்டையில் எழுதி ஒட்டுவது வழக்கம். டில்டாவின் குழுவில் இரண்டு இருந்தன. ஒன்று குளிரில் உப்பிப்போய் உயிரை விட்டது. மிச்சமிருந்தது ஹில்மா. பள்ளி உணவகத்தில் முப்பது வருஷம் சமைத்த அம்மாளின் பேர் அது. அந்த அம்மாளும் கனமானவர், எப்போதும் சூடாக இருப்பவர், ஒருநாளும் லீவு போட்டதில்லை. மஞ்சள் பட்டையில் பேரை எழுதிப் பக்கத்தில் ஒரு கரண்டியும் வரைந்திருந்தாள் டில்டா.

கெட்டில் பே போட்டி நடப்பது ஐஸ் ஹாக்கி அரங்கத்தில். பனித்தரைமேல் பலகை பரப்பி அதன்மேல் மைதானம் போட்டிருப்பார்கள். காலுக்குக் கீழே குளிர் ஏறிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் நிற்க முடியாத லோர்னாவுக்கு அன்று கூடுதலாகக் கால் பரபரத்தது. வாசலில் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து, ஊதா நிற மேலங்கி போட்ட ஒரு பெண்மணியைக் கூடவே அனுப்பினார்கள்.

"நான் க்வென்டலின் ஸ்ட்ராட். உங்க ஒப்பீட்டு அதிகாரி" என்றாள் அவள். "நான் இங்க இருக்கறதா நினைச்சுக்காதீங்க. இயல்பா இருங்க. ஆனா இயல்பைவிடக் கொஞ்சம் அன்பா இருங்க."

"எங்க மேட்ச் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டாள் லோர்னா.

க்வென்டலின் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "முதல்ல துவக்க விழா, மேடம்."

துவக்க விழாவில் சம்மேளனத் தலைவர் டாக்டர் மெர்ட்டன் வில்லோபி பேசினார். அவர் எதில் டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு இடைவெளி விட்டு அவர் பேசியதும் இல்லை.

"நண்பர்களே! நான் பதினோரு வருஷமா இந்தப் போட்டிகளுக்கு வர்றேன். ஒரு ரோபோ ஓடி நான் பார்த்ததில்லை. பார்க்கணும்னு எனக்குத் தோணினதும் இல்லை. ஏன்னா நான் மனுஷங்களைப் பார்க்கறவன். அதுலயும் முக்கியமா, மேடையில உக்காந்திருக்கற மனுஷங்களை. குழந்தைகளே, தோல்விதான் பெரிய ஆசிரியர். அந்த ஆசிரியரை உங்களுக்கு ஏற்பாடு பண்ணிக் குடுக்கத்தான் நாங்க ராத்திரி பகலா உழைக்கறோம்!"

மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் தலைக்கு மேலே பெரிய திரையில் மூன்று பட்டைகள் மின்னின. டன்மோர், செயின்ட் ஆல்டன், கெட்டில் பே. மூன்றிலும் பூஜ்யம்.

"அம்மா, காலை ஆட்டாத. பெஞ்சே ஆடுது" என்றாள் டில்டா.

"நான் எங்கடி ஆட்டறேன், தானா ஆடுது. இந்த ஆளு எப்ப உக்காருவாரு?"

அவர் உட்கார்ந்தபோது காலைக்கான நேரத்தில் முக்கால்வாசி போயிருந்தது.

குழுக்கள் ரோபோவைத் தயார் செய்யும் தங்கள் தடுப்பறைகளுக்குத் திரும்பியதும் பக்கத்துத் தடுப்பிலிருந்து ஆஸி ட்ரெம்ப்ளே எட்டிப் பார்த்தான். படகு பழுதுபார்க்கிறவன், எதிர்க்குழுவின் பயிற்சியாளன், லோர்னாவோடு பள்ளியில் படித்தவன்.

"லோர்னா, ஒரு உதவி. எங்க பேட்டரி ரெண்டும் படுத்துருச்சு. சோதனை பண்ண ஒரு பத்து நிமிஷம் ஹில்மாவை அனுப்பேன். கையோட கொண்டாந்து விட்டுர்றேன்."

ரோபோ போட்டிகளில் இது புதிதில்லை. எதிரிக்கு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து, அதே எதிரியிடம் தோற்றுவிட்டு, பிறகு கட்டிப்பிடித்துக்கொள்கிற பிள்ளைகள் அவர்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை. டில்டா யோசிக்காமல் ஹில்மாவைத் தூக்கிக் கொடுத்தாள்.

டிங் என்று மணி அடித்தது. திரையில் கெட்டில் பேயின் பட்டை துள்ளி எழுந்தது. அரங்கமே எழுந்து ஆரவாரம் செய்தது. க்வென்டலின் கண்களைத் துடைத்துக்கொண்டு கைப்பலகையில் குறித்தாள். எல்லாக் குழுக்களும் அந்தப் பட்டையைப் பார்த்தன. கெட்டில் பே போட்டி அன்றைக்கு அந்த இடத்தில் முடிந்தது என்று சொல்லலாம்.

அதன் பிறகு நடந்ததற்குப் பேர் பெருந்தன்மை. ஒரு குழு தன் இடது பக்கச் சக்கரங்களை எதிர்க்குழுவுக்குக் கொடுத்தது. நன்றிக்கடனாக இன்னொரு குழு அதற்கு வலது பக்கச் சக்கரங்களைக் கொடுத்தது. நான்கும் வலது சக்கரமாகிப்போன அந்த ரோபோ நின்ற இடத்திலேயே சுற்றியது. எடை பார்க்கும் அதிகாரி தன் தராசை இரவல் கொடுத்துவிட்டதால் எந்த ரோபோவையும் நிறுக்க முடியவில்லை. நடுவர் விசிலைக் கொடுத்தார். அதற்குப் புள்ளி வந்ததைப் பார்த்ததும் கோடு போட்ட சட்டையையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, உள்ளே போட்டிருந்த கம்பளிப் பனியனோடு நடுங்கிக்கொண்டு நின்றார்.

எல்லாவற்றையும் சரியாகக் கொண்டுவந்திருந்த ஒரு குழுவும் இருந்தது. க்வென்டலின் அவர்களிடம் போய் நின்றாள்.

"உங்களுக்கு ஒண்ணும் தேவைப்படலையா?"

"இல்லீங்க. எல்லாம் நல்லா வேலை செய்யுது" என்றாள் ஒரு பெண், பெருமையாக.

"எல்லாரும் இப்படித் தயாரா வந்துட்டா மத்தவங்க எப்படிம்மா பெருந்தன்மையா இருக்கறது? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்களால எத்தனை பேரோட மனசு வீணாப் போகுது."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துபோயிற்று. குறடு ஒன்றை எடுத்துத் தன் ரோபோவின் சங்கிலியைத் தானே வெட்டினாள். சங்கிலியை நீட்டிக்கொண்டு ஆறு குழுக்கள் ஓடிவந்தன.

அப்போது டன்மோரின் பட்டை விர்ரென்று ஏறியது. அங்கே ஒரு குழு தன் பஸ் டிரைவரையே இரவல் கொடுத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் செயின்ட் ஆல்டன் அதை முந்தியது. தங்கள் கம்பளத்தில் பாதியை வெட்டி அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார்களாம். கெட்டில் பே ஜனங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டி நிறுத்துமிடம், கம்பளம், பாஸ்டி எல்லாம் மறந்துபோய், பார்வையாளர் வரிசையில் ஒருத்தர் தொப்பியை ஒருத்தர் தலையில் வைக்க ஆரம்பித்தார்கள்.

இந்த அமளிக்கு நடுவே ஒலிபெருக்கி கரகரத்தது. டில்டாவின் குழுவும் ஆஸியின் குழுவும் மைதானத்துக்கு வரலாம் என்றது. டில்டா துள்ளி எழுந்தாள். ரோபோவை வைத்திருந்த தள்ளுவண்டியின் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸி, ஹில்மா எங்க?" என்றாள் லோர்னா.

ஆஸி தலையைச் சொறிந்தான். "அதுவா... பசங்க உணர்ச்சிவசப்பட்டு அந்தப் பச்சைச் சட்டைக்காரங்களுக்குக் குடுத்துட்டாங்க."

"என் பேட்டரியை நீ எப்படிடா குடுப்ப?"

"இரவல் வாங்கினதை இரவல் குடுத்தா ரெட்டைப் புள்ளி லோர்னா. எனக்கே வெக்கமாத்தான் இருக்கு."

லோர்னா பச்சைச் சட்டைக்காரர்களிடம் ஓடினாள். அவர்கள் அதை ஒரு காப்பி இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற கிழவர், "யாரோ ஒரு நல்ல மனுஷன் வந்தான். மேடைக்கு அவசரம்னான். குடுத்துட்டேன். நீங்க வேணும்னா என் தொப்பியை எடுத்துக்குங்க" என்றார். அதற்குள் அவர் தலையில் இருந்தது வேறு யாருடைய தொப்பியோ.

"மேடம், மேடம்!" க்வென்டலின் மூச்சு வாங்க ஓடிவந்தாள். "நீங்க குடுத்ததைத் திருப்பிக் கேட்டுட்டு அலையறதா எனக்குத் தகவல் வந்திருக்கு. அதுக்குப் பேர் 'திரும்பப்பெற்ற பெருந்தன்மை'. ஐம்பது புள்ளி போயிரும்."

"இரவல் குடுத்ததைக் கேக்கக் கூடாதா?"

"அவங்களா நினைச்சுக் குடுத்தா அது அவங்களோட பெருந்தன்மை. நீங்க கேட்டுட்டா அதை நீங்க திருடின மாதிரி ஆயிருது."

"யார்கிட்ட இருக்குன்னே தெரியலைங்க! கை மாறிக் கை மாறி எங்கயோ போயிருச்சு."

"அது எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்றாள் க்வென்டலின். அவள் கேலி செய்யவில்லை. அவள் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. அதுதான் லோர்னாவுக்குத் தாங்கவில்லை.

"இந்தாம்மா. ஒரே ஒரு கேள்வி. இன்னிக்கு இந்த அரங்கத்துல ஒரு ரோபோவாவது ஓடியிருக்கா?"

க்வென்டலின் கைப்பலகையைப் புரட்டினாள். "அதைக் குறிக்க இதுல கட்டம் இல்லை மேடம்."

மத்தியானத்துக்கு மேல் தலைவர் வில்லோபி மறுபடி மேடையேறினார். மூன்று ஊர்களின் நிறைவு விழாக்களையும் ஒப்பிட வேண்டியிருப்பதால் அவற்றை ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்றும், ஆகவே மிச்சமிருக்கும் போட்டிகள், அதாவது எல்லாப் போட்டிகளும், ரத்து என்றும் அறிவித்தார்.

"வருத்தப்படாதீங்க. ரோபோ ஓடினா சத்தம் வரும். சத்தம் வந்தா ஒப்பீட்டுக்கு இடைஞ்சல். ஒரு நல்ல போட்டிக்குப் போட்டியே இடைஞ்சலா இருக்கக் கூடாதுங்கறது சம்மேளனத்தோட கொள்கை!"

டில்டா தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை. பக்கத்தில் குழுவின் இரண்டு சின்ன வகுப்புப் பெண்கள் மஞ்சள் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"விடும்மா" என்றாள் டில்டா. "நம்ம ஊருக்குப் புள்ளி கிடைச்சுதுல்ல. பரவால்ல."

கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்து கண் தெரியவில்லை. சங்கிலி அறுந்தபோதும் இணைப்பு செத்தபோதும் வாய்விட்டு அழுத பெண், இப்போது பரவாயில்லை என்கிறாள். நாலு வருஷம் சனி ஞாயிறு பார்க்காமல் கொட்டகையில் கிடந்த பிள்ளையை ஒரே நாளில் இப்படிப் பேச வைத்துவிட்டார்களே என்று லோர்னாவுக்கு ஆத்திரம் வந்தது. உட்கார முடியாமல் எழுந்தாள். எங்கே போவதென்று தெரியாமல் மேடையோரமாக நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள்.

மேலே தலைவரின் குரல் அரங்கம் முழுக்க முழங்கிக்கொண்டிருந்தது. "தன்னலமில்லாம இருக்கறது எப்படின்னு என்னைப் பார்த்துத்தான் நான் கத்துக்கிட்டேன்..."

மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த நீலத் திரை ஒரு இடத்தில் விலகியிருந்தது. ஒலிபெருக்கி போடுகிறவர் மின்சார வயரை யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வந்த இரண்டு கம்பிகள் திரைக்குக் கீழே போய் ஒரு பேட்டரியில் முடிந்தன. அதன்மேல் மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தது. பட்டையில் கரண்டி.

லோர்னா முழங்காலிட்டாள்.

"மேடம்! அது தலைவரோட பேச்சு!" என்று க்வென்டலின் அலறினாள்.

"இது எங்க ஹில்மா."

"நீங்க கேக்காம எடுக்கறீங்க!"

"கேட்டா ஐம்பது போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் கேக்கலை" என்று சொல்லிவிட்டு லோர்னா கம்பியைப் பிடுங்கினாள்.

அரங்கம் அமைதியாயிற்று. தலைவரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கை வானத்தைக் காட்டியது, நெஞ்சைத் தொட்டது, யாரையோ மன்னித்தது. தம் குரல் போய்விட்டது என்பது அவருக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் அவர் காதில் அது எப்போதும் ஒலித்துக்கொண்டேயிருந்தது.

லோர்னா ஹில்மாவை இடுப்பில் தாங்கிக்கொண்டு ஓடினாள். டில்டா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். பேட்டரியை வாங்கி ரோபோவின் வயிற்றில் வைத்து, வாரை இழுத்துக் கட்டி, சுவிட்சைப் போட்டாள். ஆஸியும் அவன் பிள்ளைகளும் ஓடிவந்து ரோபோவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மைதானத்தில் இறக்கினார்கள். விசில் இல்லாத நடுவர் பனியனோடு வந்து நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தார்.

ரோபோ நகர்ந்தது.

ஒலிபெருக்கி இல்லாத அந்த அரங்கத்தில் சக்கரம் பலகையில் உரசுகிற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. வளையத்தை எடுத்துக் கம்பத்துக்குக் கொண்டுபோனது, நீட்டியது. வளையம் நழுவிக் கீழே விழுந்தது.

"விடாதடி! திரும்ப எடு!" என்று லோர்னா கத்தினாள்.

டில்டா உதட்டைக் கடித்துக்கொண்டு ரோபோவைப் பின்னுக்கு இழுத்து, திருப்பி, மறுபடி கொண்டுபோனாள். கை உயர்ந்தது. வளையம் கம்பத்தின் நுனியில் மோதி, ஒரு கணம் யோசித்து, உள்ளே இறங்கியது.

யாரோ ஒரு ஆள் 'ஓ' என்றான். பிறகு அரங்கமே கத்தியது. புள்ளிப்பட்டையை யாரும் பார்க்கவில்லை. இரவல் தொப்பிகள் பறந்தன. சங்கிலியை வெட்டிய பெண் நாற்காலிமேல் ஏறி நின்று அழுதுகொண்டே சிரித்தாள். டில்டா கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஓடிச்சும்மா! பார்த்தியா, ஓடிச்சும்மா!"

"பார்த்தேன்டி, பார்த்தேன். கழுத்தை விடு, மூச்சு முட்டுது" என்றாள் லோர்னா. ஆனால் அவள் கையும் மகளை விடவில்லை.

இப்படியே முடிந்திருந்தால் சம்மேளனத்துக்கு அவமானமாகப் போயிருக்கும். க்வென்டலின் ஸ்ட்ராட் ஒரு மூலையில் உட்கார்ந்து விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். நடந்த காரியத்துக்கு அதில் குற்றம் எதுவும் எழுதியிருக்கவில்லை, ஏனென்றால் இப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. ஆகவே அது பெருந்தன்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். யாருடைய பெருந்தன்மை என்பதுதான் கேள்வி. கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்: தலைவர் தம் குரலையே குழந்தைகளுக்கு இரவலாகக் கொடுத்தார். புள்ளிகள், ஐந்நூறு.

கெட்டில் பே 'அனைவருக்கும் பிரியமான வட்டாரப் போட்டி' என்று அறிவிக்கப்பட்டது. தலைவர் வில்லோபி கண்ணீர் மல்க மேடையின் விளிம்புக்கு வந்து, "நான் வேணும்னேதான் நிறுத்தினேன்" என்றார். ஒலிபெருக்கி இல்லாததால் முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில், இரவலாகப் போன பொருள்களைத் தேடித்தேடி ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுத்தபடி ஜனங்கள் இருட்டும்வரை நின்றார்கள். அதற்குப் புள்ளி கிடையாது.

டில்டா இலையுதிர்காலத்தில் பொறியியல் படிக்கக் கிளம்பிப் போனாள். நவம்பரில் முதல் பனி கொட்டிய நாளில் லோர்னா லாரியில் இருந்தபோது செல்போன் அடித்தது.

"மேடம், க்வென்டலின் ஸ்ட்ராட் பேசறேன். சம்மேளனத்துல உங்களை ஒருமனதா சிறப்பு விருந்தினரா தேர்ந்தெடுத்திருக்கோம். வர்ற மார்ச்ல மூணு ஊர்லயும் 'கம்பி பிடுங்கும் விழா' நடக்குது."

"என்ன விழா?"

"போன மார்ச்ல நீங்க பண்ணினீங்களே, அதேதான். இப்ப அது எங்க மரபு. முதல்ல மரபோட வரலாற்றைப் பத்தித் தலைவர் பேசுவார். அப்புறம் ரிப்பன் கட்டின கம்பியை நீங்க பிடுங்குவீங்க. எந்த ஊர்ல பிடுங்கினது அதிகப் பிரியமா இருந்துச்சுன்னு ஒப்பிடுவோம்."

லோர்னா லாரியை ஓரமாக நிறுத்தினாள். வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு சின்னப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். இந்த வருஷக் குழுவே அவர்கள்தான். ஹில்மா இப்போது அவர்களிடம் இருந்தது.

"பசங்களோட ரோபோ எப்பங்க ஓடும்?"

"அதைப் பத்திப் பேச ஒரு குழு போட்டிருக்கு மேடம். குழுவுக்கு இன்னும் ஆள் கிடைக்கலை."

"நான் கம்பியைப் பிடுங்கினா அவர் பேச்சு நிக்குமா?"

"ஐயோ, பயப்படாதீங்க!" க்வென்டலின் சிரித்தாள். "பேச்சுக்கு ஒரு குறையும் வராது. ரிப்பன் கட்டினது சும்மா அடையாளத்துக்கு. நிஜ பேட்டரி தனியா இருக்கும்."

கண்ணாடிமேல் விழுந்த பனியைத் துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது.

"அந்த நிஜ பேட்டரியை எங்க வைப்பீங்க?"

"மேடைக்கு அடியில, இடது மூலையில. ஏன் மேடம் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்" என்றாள் லோர்னா. "கண்டிப்பா வர்றேன்னு உங்க தலைவர்கிட்ட சொல்லுங்க."